பிறந்த வீட்டுப் பங்கும் கோபமும்: முதல்முறை கேட்கப் போகிற பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஒரே ஒரு கையெழுத்துத்தான் கண்ணு. போட்டுட்டு வா, மத்தியானத்துக்குள்ள பஸ் ஏத்தி உட்டர்றேன்."

அப்பா இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. காங்கயம் பக்கத்தில் எங்கள் ஊருக்கான சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுபவரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். பட்டா மாற்றுவதற்கு என்று சொல்லித்தான் அண்ணன் என்னைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லியிருந்தார். நீட்டிய தாளைத் திருப்பிப் பார்த்தேன். மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது, அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதித் தரும் பத்திரம். கொஞ்சம் கீழே, நான் என் பாகத்தைச் 'சீர்வரிசையாகவும் நகையாகவும் ஏற்கெனவே பெற்றுக்கொண்டபடியால்' என்று ஒரு வரி. காதெல்லாம் சூடாகிவிட்டது. கையில் இருந்த பேனா மேசையில் விழுந்து உருண்டு, இங்க் பேடில் முட்டி நின்றது. எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்குச் சட்டம் ஒரு வரி கூடத் தெரியாது. என்னை எழுப்பியது கோபம்தான். மூன்று மாதம் கழித்து, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். அதுவும் அதே கோபம்தான். முதல் கோபம் இரண்டரை ஏக்கரைக் காப்பாற்றியது. இரண்டாவது, பேசி முடித்திருக்க வேண்டிய ஒரு வருஷத்தைத் தின்றது. அதுவரை என் பக்கம் இருந்த மாமா கூட "இவ வாய்க்கு யாரும் நடுவுல வர முடியாது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

பொம்பளைக்குக் கோபம் ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பயந்த பெண் கையெழுத்துப் போடுவாள், பாசத்தில் இருக்கிற பெண்ணும் போடுவாள். கோபம் வந்தவள்தான் தாளைத் திருப்பிப் படிப்பாள். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே இறக்குவது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. மூன்றரை வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது இந்துக் குடும்பங்களுக்கான வாரிசுரிமைச் சட்டத்தை வைத்து எழுதியது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

1. முதல் நாள்: எதிலும் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்

பட்டா மாற்ற, பயிர்க்கடன் வாங்க, கரண்ட் சர்வீஸ் பேர் மாற்ற என்று பல காரணம் சொல்வார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத் தாளிலோ கண்டிப்பாகப் போடாதீர்கள். விரல் ரேகை வைப்பதும் கையெழுத்துதான்.

அந்த இடத்தில் சண்டை பிடிக்காதீர்கள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "சரிங்ணா, படிச்சுட்டுச் சொல்றேன்" போதும்.

ஏற்கெனவே ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? ஏமாற்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

2. முதல் வாரம்: கோபத்தை நோட்டில் இறக்குங்கள்

கத்தித் தீர்த்தால் கோபம் ஆறும் என்பது நம்முடைய பொதுவான நம்பிக்கை. எனக்கு ஆறவில்லை, ஏறியது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் வெளியிட்ட முடிவும் இதுதான்: உடம்பின் படபடப்பை இறக்குகிற மூச்சுப் பயிற்சி, தியானம் போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன, கொட்டித் தீர்ப்பதால் பெரிய பயனில்லை. ஆகவே படபடப்பை முதலில் இறக்குங்கள். விஷயத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

நான் செய்தது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தின் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் மனசு நொந்தது: "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி முழுக்க நான்தான் இருந்தேன்", "நங்கையா (அண்ணன் மனைவி) என்னை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினாங்க". வலது பக்கம் நடந்தது: தேதி, இடம், யார் இருந்தார்கள், என்ன தாள். எழுத எழுத ஒன்று புரிந்தது. இடது பக்கம் இருப்பதற்கு எந்தக் கோர்ட்டும் தீர்வு தராது. வலது பக்கம் மட்டும்தான் வக்கீலுக்கு வேண்டும். பின்னாளில் முதல் சந்திப்பிலேயே வக்கீல் அந்த வலது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, நோட்டீஸை அதிலிருந்தே எழுதினார்.

இடது பக்கத்தைக் கிழித்து எறியாதீர்கள். பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

3. உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுங்கள்

கோபத்தில் "பாதி எனக்கு" என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். எவ்வளவு என்று தெரியாமல் கேட்டால் நம் வாயே நமக்கு எதிரி.

2005 செப்டம்பர் 9-லிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை. அப்பா அந்தத் தேதிக்கு முன்பே இறந்திருந்தாலும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆன வருஷம் இனி பொருட்டல்ல. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதைக் கலைக்க முடியாது.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது தனி. அதை அவர் உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் பதியப்படாவிட்டாலும் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். உயில் இல்லை என்றால் மனைவி, பிள்ளைகள், அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவர் என எல்லாருக்கும் சம பங்கு.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொன்னால் விளங்கும். கிளுவை வேலி போட்ட கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) நாலரை ஏக்கர், அப்பாருக்கும் (தாத்தா) அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் 1974-ல் நடந்த பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்த பூர்வீகம். இதில் அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பங்கு, ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பாவின் ஒன்றரை ஏக்கர் அம்மாவுக்கும் எங்கள் இருவருக்கும் அரை அரை ஏக்கராகப் பிரியும். ஆக எனக்கு இரண்டு, அண்ணனுக்கு இரண்டு, அம்மாவுக்கு அரை. கிணற்றோடு கூடிய தோட்டம் ஒன்றரை ஏக்கர் அப்பா கிரையம் வாங்கியது, உயில் இல்லை. ஆளுக்கு அரை ஏக்கர். மொத்தத்தில் எனக்கு இரண்டரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாத்தா சொத்து எல்லாமே பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தா 1956-க்குப் பிறகு இறந்து, வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்த நிலம் என்றால் அது அப்பாவின் தனிச்சொத்தாகக் கருதப்படலாம், அப்போது கணக்கு மாறும். சொத்து எப்படி வந்தது என்று காட்டும் பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் தொகையோ ஏக்கரோ வாயால் சொல்லாதீர்கள்.

சீர் செய்தாச்சு, அறுபது பவுன் போட்டாச்சு என்பார்கள். சீர் வாங்கியதால் பங்கு போய்விடாது. நீங்களே பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போய்விடும்.

4. ஒரு மாதம்: தாள்களைச் சேருங்கள்

யாரிடமும் கேட்காமல் நீங்களே எடுக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. இது எனக்குத் தெரிந்த அன்றைக்குத்தான் கோபத்துக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிற நேரத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணாகத் தேடினேன்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவை வருவாய்த் துறை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். பட்டா அண்ணன் பேருக்கு மாறியிருந்தால் பதறாதீர்கள். பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. மாறாமல் இருந்தால், உங்கள் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்று வட்டாட்சியருக்கு ஆட்சேபனை மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். எங்கள் 1974 பத்திரம் அதில் வராததால், அப்படி ஒன்றே இல்லை என்று இரண்டு மாதம் அண்ணன் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேடச் சொல்ல வேண்டும். கிடைத்ததும் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள்.

அப்பாவின் இறப்புச் சான்று, அதை வைத்து வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் தருவார். உங்களுக்கு முன்பே வீட்டில் யாராவது வாங்கியிருந்தால் அந்தச் சான்றில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக் கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு வாங்கிய சான்றுகள் நம் பக்கம் சகஜம்.

இன்னொன்று மிக முக்கியம். இனிஷியல். பள்ளிச் சான்றில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவரின் முதலெழுத்து. ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பேர். இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே எனக்கு ஐந்து வாரம் போனது. மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று, திருமண அழைப்பிதழ் வரை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 'இன்னாரின் மகள்' என்று காட்டும் ஏதாவது ஒரு பழைய அரசு ஆவணம் கட்டாயம் வேண்டும்.

எல்லாத் தாளும் மூன்று நகல். ஒன்று உங்கள் வீட்டில் வேண்டாம், நம்பிக்கையான தோழி வீட்டில் இருக்கட்டும்.

5. பெரியவர்களை வைத்து ஒருமுறை பேசுங்கள்

நேரே கோர்ட்டுக்குப் போ என்று சிலர் ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பார்ப்பதே நல்லது என்பேன். பேச்சில் முடிந்தால் வருஷக்கணக்கு மிச்சம். ஆனால் தாள் சேர்ந்த பிறகு பேசுங்கள். நான் தாள் இல்லாமல் போய்க் காதுகுத்தில் கத்தியது போல ஆகிவிடக் கூடாது.

அடுத்த முறை மாமாவையும் இரண்டு பங்காளிகளையும் கூப்பிட்டு எங்கள் சாளைத் (தோட்டத்து வீடு) திண்ணையில் உட்கார்ந்தபோது கையில் ஒரே ஒரு தாள் வைத்திருந்தேன். சர்வே எண், ஏக்கர், என் பங்கு. அண்ணன் பத்து நிமிஷம் சத்தம் போட்டார். எனக்கும் உள்ளே கொதித்தது. பாதத்தை மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு, அந்தத் தாளில் இருந்ததையே மறுபடி படித்தேன். சத்தம் போடுகிறவர் யார், கணக்குச் சொல்கிறவர் யார் என்பது திண்ணையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. மாமா என் பக்கம் திரும்பி, "அந்தத் தாளக் குடும்மிணி, பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வரிக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். "நான் போன பொறகு சண்டை போட்டுக்கங்க சாமி" என்று என் அம்மா அழுதார். அவர் சோறு தின்பது அண்ணன் வீட்டில். அவருக்கு என்று ஒரு ஏக்கர் இருக்கிறது என்பதை அவருக்குச் சொன்னதே நான்தான்.

பேசி முடிந்தால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது பதிவு செய்த பாகப்பத்திரம் ஆகாது.

6. முடியவில்லை என்றால்: நோட்டீஸ், வழக்கு

பணம் இல்லை என்று நிற்காதீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், வட்ட அளவிலும் உண்டு. தொலைபேசி 15100. மிரட்டல், அடி என்று வந்தால் 181-க்கு அழையுங்கள்.

வக்கீல் நோட்டீஸுக்கு எனக்கு 2,500 ரூபாய் ஆனது. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். வாங்க மறுத்துத் திரும்பி வந்தாலும் அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

வழக்கு மனுவில்தான் நிறையப் பேர் கோபத்தால் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்கில், நீங்களும் கூட்டாக அனுபவித்து வருகிறீர்கள் என்றால் கட்டணம் ஒரு நிலையான சிறு தொகை. சொத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். ஆத்திரத்தில் "என்னைக் காட்டுப் பக்கமே விடுவதில்லை, பத்து வருஷமா ஒரு தேங்காய் கூடக் கொடுத்ததில்லை" என்று எழுதச் சொல்வோம். அந்த ஒரு வாக்கியம் கட்டணத்தை லட்சக்கணக்கில் ஏற்றிவிடலாம். எனக்கும் அப்பா இருந்தவரை மாசாமாசம் தேங்காயும் ராகியும் வந்துகொண்டுதான் இருந்தது. கோபத்தில் அது மறந்துபோயிருந்தது. பொய் எழுதாதீர்கள், உண்மையை முழுதாக எழுதுங்கள்.

நிஜமாகவே உங்களை வெளியேற்றியிருந்தால், அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "பாத்துக்கலாம், அண்ணன்தானே" என்று தள்ளிப்போடுவதில் இதுதான் ஆபத்து.

வழக்கோடு சேர்த்தே, விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள்.

பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. இதில்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். கோபம் சீக்கிரம் ஆறிவிடும், வழக்கு ஆறாது. தையல் கம்பெனியில் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு தனி. பதினோராவது வாய்தாவில் நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி நோட்டின் இடது பக்கத்தை எடுத்துப் படித்தேன். 'சீர்வரிசையாகவும் நகையாகவும்' என்ற வரியைப் பார்த்த அன்றைக்கு என்ன எழுதியிருந்தேனோ அது அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போனேன்.

எங்கள் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடிந்தது. அங்கே முடிந்தால் தீர்ப்புக்கு உரிய மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

7. கையெழுத்துக்கு முன்: கிணறும் தடமும்

இதை எந்த வக்கீலும் தானாகச் சொல்லவில்லை. காட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஏக்கர் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து போய்க் கையெழுத்துப் போட்டால், தண்ணியும் வழியும் இல்லாத நிலம் கையில் நிற்கும்.

கிணற்றில் எத்தனை பங்கு, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டலாம் என்று பத்திரத்தில் எழுத வேண்டும். விவசாய இலவச மின் இணைப்பு அப்பா பேரிலோ அண்ணன் பேரிலோ இருக்கும், அதில் உங்கள் உரிமையும் எழுதப்பட வேண்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம் என்றால் தண்ணி முறையும் அப்படியே. தடம் எத்தனை அடி அகலம், எந்த இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித் தடம்) எந்தப் புலம் வழியாக, டிராக்டர் போகுமா என்பதும் வேண்டும். எங்கள் முதல் வரைவில் 'பொதுத் தடம் வழியாக' என்று மட்டும் இருந்தது. அந்தத் தடம் எது என்று நான் கேட்டபோது பத்திரம் எழுதுபவருக்கும் தெரியவில்லை. பதினாறு அடி, வடபுறம், வேலாமரம் வரை என்று எழுத வைத்தேன்.

எந்தத் துண்டு யாருக்கு என்பதையும் காட்டில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து புலப்படத்தை மட்டும் பார்த்தால் பாறையும் பள்ளமும் தெரியாது.

8. பதிவும் உட்பிரிவும்

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால், 2023 ஜூலையில் மாற்றிய கணக்குப்படி முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000. யார் எவ்வளவு கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள். போகும் முன் நடப்புக் கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

பதிவு முடிந்த கையோடு உட்பிரிவுப் பட்டாவுக்கு, அதாவது உங்கள் துண்டுக்கான தனிப் பட்டாவுக்கு, விண்ணப்பியுங்கள். நில அளவர் வந்து அளக்கும் நாளில் கட்டாயம் நேரில் இருங்கள். நான் இருந்தேன். அண்ணனும் வந்திருந்தார், பேசவில்லை. கிளுவை வேலிக்கு உள்ளே கல் நட்டபோது, குழிக்குள் மண் தள்ள ஆளில்லை என்று அவரே மண்வெட்டியை எடுத்தார். நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

கல் நட்டதை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தேதியோடு வையுங்கள். அடுத்த மழைக்குள் உங்கள் பக்கம் ஒரு உழவாவது ஓட்டிவிடுங்கள்.